பத்தரைக் காட்சி

படம் ஓடாது என்றுதான் நமசிவாயம் நம்பியிருந்தார். ஓடக்கூடாது என்று பிள்ளையாரிடம் கேட்டும் வைத்திருந்தார்.

காணிக் கந்தோரில் பெரிய கிளாக்கராக இருந்து இளைப்பாறியவர் அவர். பத்திரிகையின் சினிமாப் பக்கத்தை வாழ்நாளில் விரித்துப் பார்த்ததில்லை. இப்போது அதைத்தான் முதலில் தேடினார். கொமிக்ஸ் புத்தகங்களிலிருந்து எடுக்கும் படங்களுக்கு 'வயது வந்தோருக்கு மட்டும்' என்று முத்திரை விழுந்துவிட்டால் வசூல் படுத்துவிடும், பிள்ளைகளோடு குடும்பங்கள் வந்தால்தான் அந்த வகைப் படங்கள் தாக்குப்பிடிக்கும் என்று முதல் வாரத்தில் யாரோ எழுதியிருந்தார்கள். நமசிவாயத்துக்கு அன்று சோறு இறங்கியது. அடுத்த வாரம் அதே பக்கத்தில், அதே ஆள், தான் நினைத்தது பிழைத்துவிட்டது என்று எழுதினார். அமெரிக்கா, கனடா, இந்தியா, எங்கும் அரங்கு நிறைந்த காட்சிகளாம். பெரியவர்களுக்கென்று எடுக்கும் இந்த வகைப் படங்களுக்கு இனிக் காலம் பிறந்திருக்கிறதாம். யாழ்ப்பாணத்துத் தியேட்டரில் ஒரு காட்சியைக் கூட்டியிருக்கிறார்களாம்.

அந்தப் படத்தின் மூலக்கதையைக் கொமிக்ஸாகக் கீறியவள் அவருடைய மூத்த மகள் உதயகலா.

கனடாவின் ரொறன்ரோவில் அவள் படம் கீறிப் பிழைக்கிறாள் என்பது அவருடைய ஊரான இணுவிலில் எல்லோருக்கும் தெரியும். அதில் ஒரு குறையும் இருக்கவில்லை. பிள்ளைகளின் பாடப் புத்தகத்துக்குக் கீறுகிறாள் என்று நமசிவாயம் சொல்லிவந்தார். ஒரு காலத்தில் அது உண்மையாகவும் இருந்தது. பிறகுதான் இந்தக் கொமிக்ஸ், அதற்குப் பிறகு இந்தப் படம், படத்தின் நெற்றியில் இந்த முத்திரை.

முத்திரையின் பொருளை அவருக்கு ஒருவரும் விளக்கத் தேவையில்லை. அவருடைய இளமையில் யாழ்ப்பாண ரவுணிலிருந்த ஒரு தியேட்டரில் காலை பத்தரைக் காட்சிக்கு அப்படிப்பட்ட வெளிநாட்டுப் படங்கள் போடுவார்கள். மரியாதையான வீட்டு ஆம்பிளைகள் அந்த நேரத்தில் அந்தத் தெருவால் சைக்கிளில்கூடப் போகமாட்டார்கள். அவருடைய சித்தப்பா ஒருவர் தலையில் சால்வையைப் போட்டுக்கொண்டு அந்தக் காட்சி முடிந்து வெளியே வந்ததைப் பெண்வீட்டார் ஒருவர் கண்டு, நிச்சயமாகியிருந்த கலியாணம் நின்றுபோனது. சித்தப்பா கடைசிவரை தனிக்கட்டையாகவே இருந்து செத்தார். பெரியவர்களுக்கு மட்டும் என்றால் உடுப்பில்லாத படம். அவ்வளவுதான். வேறு பொருள் அந்தச் சொல்லுக்கு அவர் காலத்தில் இருக்கவில்லை.

படம் வெளிவருவதற்கு முன்பே அவர் மகளிடம் தொலைபேசியில் கேட்டிருந்தார்.

"உந்த முத்திரை நீ கீறின கதைக்கோ?"

"ஓம் அப்பா."

"அதை எடுக்கேலாதோ?"

"எடுக்கலாம். ஒரு காட்சியையும் கொஞ்ச ரத்தத்தையும் வெட்டினால் சின்னாக்களும் பார்க்கலாம், இன்னும் சனம் வரும் எண்டு சொன்னவை. நான்தான் அந்தக் காட்சியை வெட்டவேண்டாம் எண்டு நிண்டனான்."

"நீயோ நிண்டனி?"

"நீங்கள் ஒருக்கால் பாருங்கோ அப்பா. பேந்து கதைப்பம்."

தகப்பனைப் பார்த்து அதைப் பார் என்கிறாள். அவர் தொலைபேசியை வைத்துவிட்டார். அதற்குப் பிறகு அவளோடு கதைக்கவில்லை.

படம் படுத்திருந்தால் இந்தக் கதையும் படுத்திருக்கும். ஒருவரும் பார்க்காத படத்தை யார் கீறினால் என்ன? ஓடியதுதான் வினையாகப் போயிற்று. கந்தசுவாமி கோயில் வீதியில் ஊர்க்காரர் தில்லையம்பலம் அவரை மறித்தார்.

"நமசிவாயண்ணை, மகளின்ரை படம் மூண்டாம் கிழமையும் இடமில்லாமல் ஓடுதாமே."

"எனக்குத் தெரியாது."

"பெரியாக்களுக்கு மட்டும் எண்டு போட்டால் சின்னனுகள் மீசை கீறிக்கொண்டெல்லோ போகுதுகள்." பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். "என்ரை மருமோன் ரெண்டுதரம் பார்த்திட்டான். என்னடா அதிலை எண்டு கேட்டால் வாயே திறக்கிறானில்லை."

நமசிவாயம் சால்வையைச் சரிசெய்துகொண்டு நேரே நடந்தார். மருமகன் மாமனுக்குச் சொல்ல வெட்கப்படுகிறான் என்றால் அதில் என்ன இருக்கும் என்று அவருக்கு விளங்கியது. அதாவது, விளங்கியது என்று நினைத்தார்.

இந்த நிலையில்தான் அவருடைய மனைவி மங்கையற்கரசியின் ஆண்டுத் திவசம் வந்தது. போன வருடம் தாய் இறந்தபோது உதயகலாவால் வந்துசேர முடியவில்லை. பயணச்சீட்டு கிடைத்தபோது சாம்பல் கீரிமலைக் கடலில் கரைந்துவிட்டது. திவசத்துக்காவது நிற்கவேண்டும் என்று அவள் வந்து இறங்கினாள். நேரே வீட்டுக்கு வரவில்லை. நல்லூரில் ஒரு விடுதியில் தங்கிக்கொண்டு, வீட்டிலிருக்கும் தம்பி ஜெயரூபனிடம் கேட்டு அனுப்பினாள்.

"அப்பா, அக்கா வரட்டோ எண்டு கேக்கிறா" என்றான் ஜெயரூபன்.

"சொந்தக்காரர் எல்லாரும் வருகினம் தம்பி. அவையள் கொம்மாவின்ரை படத்தைப் பார்ப்பினமோ, உவளைப் பார்ப்பினமோ?"

"அவ அம்மாவின்ரை பிள்ளை அப்பா."

"அந்தப் படத்துக்கும் தனக்கும் சம்பந்தமில்லை எண்டு நாலு பேருக்குத் தெரிய ஒரு சொல் சொல்லட்டும். வரட்டும்."

"அவ அதைச் சொல்லமாட்டா" என்றான் ஜெயரூபன்.

"அப்ப வரவும் வேண்டாம்."

திவசம் குறையில்லாமல் நடந்தது. ஐயர் சொல்லச் சொல்ல ஜெயரூபன் தர்ப்பையோடு இருந்து எள்ளும் தண்ணீரும் இறைத்தான். படையலில் மங்கையற்கரசிக்குப் பிடித்த முருங்கைக்காய்க் குழம்பும் பயற்றம் பணியாரமும் இருந்தன. பந்தியில் தூரத்து மச்சாள் ஒருத்தி, "மூத்தவள் வந்து ரவுணிலை நிக்கிறாளாமே?" என்று கேட்டாள். நமசிவாயம் மனைவியின் படத்துக்கு முன்னால் நின்றுகொண்டு, "இல்லை" என்றார். மருமகள் டிலக்ஷி ஒரு வாழையிலையில் படையல் சோற்றைப் பொதிசெய்து பின்வாசலால் கணவனிடம் கொடுத்ததை அவர் கண்டார். எங்கே போகிறது என்று தெரியும். கேட்கவில்லை.

எல்லோரும் போனபின் டிலக்ஷி பாத்திரங்களைக் கவிழ்த்துவிட்டு வந்து எதிரே நின்றாள். மாமனாரோடு அதிகம் கதைக்கிற பெண் அல்ல.

"மாமா, கோவிக்காதேங்கோ. நானும் இவரும் போய் அந்தப் படத்தைப் பார்த்தனாங்கள்."

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"நீங்கள் நினைக்கிறது அதிலை இல்லை மாமா. உடுப்பில்லாத பொம்பிளை ஒருத்தி இல்லை."

"பின்னை ஏன் பெரியாக்களுக்கு மட்டும்?"

"வெட்டுக் கொத்து. ரத்தம். இப்ப அதுக்கும் உந்த முத்திரைதான் குத்துறவை." அவள் ஈரக் கையைச் சேலையில் துடைத்தாள். "அதிலை ஒரு அப்பா வாறார் மாமா. அந்த இடத்திலை என்னாலை பார்க்கேலாமல் போச்சு."

"என்ன அப்பா?"

"நீங்கள் பாருங்கோ."

மகள் சொன்ன அதே சொல். அடுத்த நாள் காலை நமசிவாயம் வெள்ளை வேட்டி உடுத்தி, மகனுடைய காரைக் கேட்காமல், பஸ்ஸில் ரவுணுக்குப் போனார். அவருடைய வாழ்க்கையில் முதல் பத்தரைக் காட்சி.

சீட்டுக் கொடுக்கும் பெண் அவருடைய திருநீற்றையும் சால்வையையும் பார்த்துவிட்டு, "ஐயா, இது சாமிப் படம் இல்லை" என்றாள்.

"தெரியும். ஒண்டு தா."

"பெரியாக்களின்ரை படம் ஐயா."

"எனக்கு எழுபத்தாறு வயது. இனியும் வளரவேணுமோ?"

அவள் சிரித்துக்கொண்டே சீட்டைக் கிழித்தாள். உள்ளே வார நாள் காலையென்றும் பாராமல் சனம் நிறைந்திருந்தது. பெரும்பாலும் இளவட்டங்கள். விசிலடித்தார்கள். அவர் ஓரத்து இருக்கையில் நிமிர்ந்து உட்கார்ந்தார். முதல் அசிங்கம் வந்ததும் எழுந்து போவதற்கு ஓர இருக்கை வசதி.

படம் தமிழில் குரல் மாற்றப்பட்டிருந்தது. எந்த நாடு என்று சொல்லவில்லை. சைக்கிளில் ஒரு தகப்பன், பின்னால் பத்துப் பதினொரு வயதுப் பெண். தகப்பன் இடுப்பில் வெள்ளைத் துணி உடுத்தியிருந்தான். பாதையின் குறுக்கே ஒரு தடை. சீருடைக்காரர் மூன்று பேர். இறங்கச் சொன்னார்கள். தகப்பன் இறங்கினான். முதுகை வளைக்காமல், குரலை உயர்த்தாமல், "எதற்காக என்று நான் தெரிந்துகொள்ளலாமா?" என்று கேட்டான்.

நமசிவாயம் இருக்கையின் நுனிக்கு வந்தார்.

அதே கேள்வியை அவர் இங்கிலீசில் கேட்டிருந்தார். முப்பது வருடத்துக்குக் கிட்ட இருக்கும். உதயகலாவை ரியூசனிலிருந்து ஏற்றிக்கொண்டு வந்த ஒரு பின்னேரம். கந்தோரில் துரைமாரோடு கதைத்துப் பழகிய அந்த நல்ல இங்கிலீசும் அந்த நேரான முதுகும்தான் பாதைத் தடையில் நின்ற ஒரு சீருடைக்காரனுக்குப் பிடிக்கவில்லை.

திரையில் ஒருவன் சொன்னான்: "கழற்று."

தகப்பன் மகளிடம் திரும்பினான். "பிள்ளை, மதிலைப் பார்."

குரல் இந்தியத் தமிழில் பேசியது. சொல் அவருடையது.

பெண் திரும்பி மதிலைப் பார்த்தாள். அதற்குப் பிறகு படம் தகப்பனைக் காட்டவேயில்லை. மதிலை மட்டும் காட்டியது. சுண்ணாம்பு அடித்த, அடியில் பாசி பிடித்த மதில். பின்னேர வெயில் பின்னாலிருந்து விழுந்தது. மதிலில் நிழல்கள். ஒரு நிழலின் கையில் துவக்கு. மற்ற நிழல் சட்டையைக் கழற்றியது. இடுப்பிலிருந்து துணி சுற்றுச் சுற்றாக அவிழ்ந்து விழுந்தது. பிறகு அந்த நிழல் இரண்டு கைகளையும் குறுக்கே போட்டுக் காதைப் பிடித்துக்கொண்டு தோப்புக்கரணம் போட்டது. பிள்ளையாருக்கு முன்னால் போடுகிற அதே தோப்புக்கரணம். சிரிப்புச் சத்தம் மட்டும் கேட்டது. நிழல் இருந்து எழும்பியது. இருந்து எழும்பியது. பெண்ணின் கண்கள் மதிலிலிருந்து அசையவில்லை. அப்பா பார்க்கச் சொன்ன இடத்தைத்தான் அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அரங்கில் ஒரு விசிலும் இல்லை. அவருக்கு முன்வரிசையில் ஒருவர் மூக்கைச் சீறினார்.

பிறகு அந்தப் பெண் கையை நீட்டி, மதிலில் ஒட்டியிருந்த தகப்பனின் நிழலை ஈரத் துணியை உரிப்பதுபோல உரித்தெடுத்தாள். அதைத் தன்மேல் போர்த்தாள். அந்த நிழலுக்குள் நின்றால் அவளை ஒருவருக்கும் தெரியாது. அங்கிருந்துதான் அவளுடைய சக்தி தொடங்குகிறது. மிச்சப் படம் முழுக்க அவள் அந்த நிழலைப் போர்த்திக்கொண்டு ஆட்களைத் தேடித் தேடிப் போனாள், ரத்தம் தெறித்தது, மீண்டும் விசில் பறந்தது. நமசிவாயம் அதில் ஒன்றையும் பார்க்கவில்லை. கண் திறந்திருந்தது, அவ்வளவுதான்.

அந்தப் பழைய பின்னேரம், தடையடியிலிருந்து வீட்டுக்கு வந்து அவர் கிணற்றடியில் வாளி வாளியாக அள்ளி வார்த்தார். மங்கையற்கரசி கேட்டதற்குத் தலையிடி என்றார். பிள்ளை கைகால் கழுவி, பாடம் எழுதி, சாப்பிட்டுப் படுத்தாள். ஒரு சொல் சொல்லவில்லை. அடுத்த நாளும் இல்லை, அதற்குப் பிறகும் இல்லை. திரும்பி நின்றவள், ஒன்றையும் காணவில்லை. அந்த நம்பிக்கை ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டுதான் அவர் இத்தனை காலம் கோயிலில், கந்தோரில், கலியாண வீடுகளில் நிமிர்ந்து நடந்தார். உலகத்தில் யாருக்குத் தெரிந்தாலும் தெரியட்டும், பிள்ளை காணவில்லை.

தியேட்டரிலிருந்து நேரே ஒரு ஓட்டோ பிடித்து நல்லூர் விடுதிக்குப் போனார். உதயகலா அறைக் கதவைத் திறந்தாள். தலைமயிர் கொஞ்சம் நரைத்திருந்தது. கட்டிலில் பெட்டி திறந்து கிடந்தது.

"அப்பா."

அவர் வாசற்படியிலேயே நின்றார்.

"பார்த்திட்டு வாறன்" என்றார்.

அவள் ஒரு கதிரையை இழுத்துப் போட்டாள். அவர் உட்காரவில்லை.

"நீ அண்டைக்குத் திரும்பிப் பார்த்தனியோ?"

"இல்லை அப்பா. நீங்கள் சொன்னமாதிரி மதிலைத்தான் பார்த்தனான்." அவளுடைய குரல் சின்னப் பிள்ளையின் குரலாகியது. "வெயில் உங்களுக்குப் பின்னாலை நிண்டது."

"கொம்மாவுக்குச் சொன்னனியோ?"

"ஒருத்தருக்கும் சொல்லேல்லை."

"முழு உலகத்துக்கும் சொல்லிப்போட்டாய்."

"அது நீங்கள் எண்டு ஒருத்தருக்கும் தெரியாது அப்பா. இப்பவும் தெரியாது. அந்தக் காட்சியை வெட்டச் சொன்னவை. வெட்டினால் அப்பிடி ஒண்டு நடக்கேல்லை எண்டமாதிரி ஆயிடும். அதுதான் நிண்டனான்." அவள் கண்ணைத் துடைத்தாள். "நான் உங்களை மூடத்தான் கீறினன். எனக்கு அப்ப மூடத் தெரியேல்லை. கையிலை கொப்பிப் பை மட்டும்தான் இருந்தது."

நமசிவாயம் யன்னலைப் பார்த்தார். அவளைப் பார்க்க முடியவில்லை. அவள் முகத்தைப் பார்த்தால் அந்தக் கண்கள் எதைப் பார்த்தன என்பதுதான் தெரிந்தது. முப்பது வருடமாக அவர் அவளுக்குப் புத்தி சொன்னபோதெல்லாம், கோபித்தபோதெல்லாம், குடும்ப மானம் என்று அடித்துப் பேசியபோதெல்லாம், அவள் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தது ஏன் என்று இப்போது விளங்கியது. பயத்தால் அல்ல. அவர் கதைப்பதை இடைமறிக்க அவளுக்கு மனம் வரவில்லை.

"எப்ப வெளிக்கிடுறாய்?"

"பின்னேர பஸ்ஸிலை கொழும்புக்கு."

"வீட்டை வா. அம்மாவுக்கு ஒரு விளக்கு வை."

"திவசம் நேற்று முடிஞ்சுதே அப்பா."

அவள் குற்றமாகச் சொல்லவில்லை. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. "ஓம்" என்றார். "முடிஞ்சுது. எண்டாலும் வா."

ஓட்டோவில் அவர் தெருவைப் பார்த்துக்கொண்டு வந்தார். வீட்டு வாசலில் டிலக்ஷி ஓடிவந்து உதயகலாவைக் கட்டிப்பிடித்தாள். உள்ளே வந்ததும் உதயகலா குனிந்து தகப்பனின் காலைத் தொடப் போனாள். அவர் பின்னால் ஒரு அடி வைத்தார்.

"நில்லு பிள்ளை. உடுப்பு மாத்திப்போட்டு வாறன்."

அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். கட்டிலில் உட்கார்ந்தார். எழும்பவில்லை.

வெளியே எல்லாம் கேட்டது. தாயின் படத்துக்கு முன்னால் அவள் அழுதது கேட்டது. வெகுநேரம் அழுதாள். பிறகு குசினியில் டிலக்ஷியின் குரல்: "மச்சாள், குழம்பு சூடாக்கித் தாறன்." பிறகு ஜெயரூபன் ஏதோ பகிடி சொல்ல அவள் மூக்கடைத்த குரலில் சிரித்தது. அவள் சிரித்து இந்த வீட்டில் எத்தனை காலம். எழுந்து போய் அந்த மேசையில் உட்கார்ந்தால் போதும். ஒன்றும் பேசத் தேவையில்லை, ஒரு பிடி சோறு. ஆனால் அவள் நிமிர்ந்து பார்ப்பாள். பார்க்கிற நேரத்தில் அவர் எந்த உடுப்போடு இருந்தாலும் ஒன்றுதான்.

வெயில் சாய்ந்தது. கதவில் தட்டினார்கள்.

"அப்பா, அக்கா வெளிக்கிடுறா" என்றான் ஜெயரூபன்.

பிறகு அவளுடைய குரல், கதவுக்கு மிகக் கிட்ட. "அப்பா, போட்டு வாறன்."

"நில்லு" என்றார். "நில்லு மோனை, இந்தா வாறன்."

அவர் அவசரமாக எழுந்தார். இப்படிக் கசங்கிய வேட்டியோடு அவளை அனுப்ப முடியாது. போகும்போது அவள் கண்ணில் கடைசியாக நிற்பது வேறாக இருக்கவேண்டும். அலுமாரியைத் திறந்து, திருவிழாவுக்கென்று வைத்திருந்த பட்டுக்கரை வேட்டியை எடுத்து விரித்தார். கரை நேராக விழவேண்டும். ஒரு சுற்றுச் சுற்றினார். நழுவியது. மீண்டும் எடுத்துச் சுற்றினார். முன்னால் மடிப்பெடுத்துக் கொய்யகம் பிடிக்க வரவில்லை. எண்ணற்ற தடவை கண்ணை மூடிக்கொண்டு கட்டிய வேட்டி, விரல்களுக்குப் பிடிபடாமல் வழுக்கிக்கொண்டு போனது. வெளியே ஓட்டோக்காரன் ஹோன் அடித்தான்.

"அப்பா, பஸ்ஸுக்கு நேரமாச்சு. நீங்கள் இருங்கோ. நான் போய்க் கதைக்கிறன்."

"வாறன் எண்டனே" என்றார். குரல் கதவைத் தாண்டியதோ தெரியாது.

சட்டையின் பொத்தான்களைப் பூட்டினார். ஒன்று மாறிப்போயிற்று, அவிழ்த்து மீண்டும் பூட்டினார். சால்வையை மடித்துத் தோளில் இட்டார். கண்ணாடியைப் பார்த்துத் திருநீற்றைச் சரிசெய்தார். பிறகு கதவைத் திறந்தார்.

முன்னறையில் மங்கையற்கரசியின் படத்துக்கு முன்னால் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. டிலக்ஷி சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு தூணோடு நின்றாள். ஜெயரூபன் வாசற் படலையைச் சாத்திக்கொண்டிருந்தான்.

"இப்பத்தான் அப்பா" என்றான் அவன். "சந்தி திரும்பியிருக்கும். கொஞ்சம் பார்த்துக்கொண்டுதான் நிண்டவ."

நமசிவாயம் படலையைத் திறந்துகொண்டு ஒழுங்கைக்கு வந்தார். ஓட்டோ கிளப்பிய புழுதி இன்னும் அடங்கவில்லை. முதுகை நேராக்கிக்கொண்டு நின்றார். கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்த தில்லையம்பலம் அவருடைய கோலத்தைப் பார்த்து நின்றார்.

"என்ன நமசிவாயண்ணை, வடிவாய் வெளிக்கிட்டு நிக்கிறியள். எங்கையேன் விசேசமோ?"

"ஒரிடமும் இல்லை" என்றார் நமசிவாயம். "பிள்ளையை வழியனுப்ப வந்தனான்."